கிழங்குச் சீட்டு

பெரம்பலூர்
5 ஆகஸ்ட் 2024

தேவயானிக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அதனால் பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று. நம் நர்சிங் கல்லூரி வேன் ஓட்டும் தர்மராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது உன்னிடம் தருவார். "ரெண்டு பேரும் போன்லயே கெடப்பீங்களே, இப்ப என்னம்மா காயிதம்?" என்று கேட்டார். பரீட்சைக் குறிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் உனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு உருளைக்கிழங்குப் படம் போட்டேன். அதற்கா இவ்வளவு கோபம்? அந்தக் கிழங்கை வைத்துத்தானே நீ திருச்சி நர்சிங் மாநாட்டுக்குப் போகிறாய்?

இங்கே அறிவிப்புப் பலகையில் உன் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். எந்தப் படம் தெரியுமா? போன வருஷம் நர்சஸ் தினத்தன்று நாம் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. என்னை வெட்டிவிட்டார்கள். உன் தோளில் என் நாலு விரல் மட்டும் மிச்சம் இருக்கிறது. காலையும் மாலையும் அதைத் தாண்டித்தான் நான் வகுப்புக்குப் போக வேண்டும்.

கேள்வி யாருடையது, தேவயானி? குளுக்கோஸ் ஏற்றிய கை வீங்கிப் போனால் ஒரு சிஸ்டர் ஐஸ் வைக்கிறார், இன்னொரு சிஸ்டர் கிளிசரின் கட்டுப் போடுகிறார், ஆயாம்மா கேன்டீனில் உருளைக்கிழங்கு வாங்கி வட்டமாக வெட்டி ஒட்டுகிறார். இதில் எது கேட்கிறது என்று யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டது நான். "கிழங்குதான்டி கேக்கும், எவ்வளவு பந்தயம்?" என்று நீ சிரித்தாய். உன் பங்கு அவ்வளவுதான். நூலகத்தில் உட்கார்ந்து பழைய ஆய்வுகளைத் தேடி எடுத்தது நான். ஒரு டப்பாவில் பாதி 'கிழங்கு', பாதி 'கிளிசரின்' என்று சீட்டு மடித்துப் போட்டு, யாருக்கு எது என்று அந்தச் சீட்டே சொல்லட்டும் என்று திட்டம் எழுதியதும் நான். நம் ஆய்வுக்கு வழிகாட்டும் லீலாவதி மேடம் அதைப் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே மாதிரி செய்ங்க, ஒருத்தி பெரம்பலூர்ல, ஒருத்தி அரியலூர்ல" என்றார்.

உன் வார்டில் கிழங்கு வைத்த கையெல்லாம் மந்திரம் போட்டதுபோல வடிந்துவிட்டதாம். என் வார்டில் கிழங்கு தோற்றது. மேடம் என் தாள்களைப் பார்த்து, "சரி, வச்சிட்டுப் போ" என்றார். உன்னுடையதைப் பார்த்து, "கேள்வி கேக்கத் தெரிஞ்ச பொண்ணு" என்றார். கேள்வி என்னுடையது. எனக்கு வயிறு எரிகிறது. மூடி மறைத்து வாழ்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஜெயசித்ரா


அரியலூர்
7 ஆகஸ்ட் 2024

என் அருமை ஜெயா,

கடிதத்தை வேன் பக்கத்தில் நின்றே படித்தேன். தர்மராஜ் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரீட்சை கஷ்டமா வரும்போலருக்கே" என்றார்.

கிழங்குப் படத்தைப் பார்த்தபோது எப்படி இருந்தது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஆலத்தியூரில் இருக்கும் அப்பாவுக்கு போன் செய்து திருச்சி விஷயத்தை அப்போதுதான் சொல்லியிருந்தேன். சிமென்ட் ஆலை வாசலில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். "எம் பொண்ணு மேடை ஏறப் போவுது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொல்வது போனிலேயே கேட்டது. அந்தச் சந்தோஷத்தோடு குழுவைத் திறந்தால் உன் கிழங்கு. வகுப்பே சிரித்தது. வேறு யார் போட்டிருந்தாலும் நானும் சிரித்திருப்பேன்.

கேள்வி உன்னுடையதுதான். மேடத்திடம் அதைச் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. அதற்கு நான் என்ன செய்வேன்? அந்த விரல்களையும் நான் வெட்டவில்லை.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? முடிவு நன்றாக வந்ததற்குக் காரணம் உண்டு. நீ வார்டில் வீக்கம் அளக்கும் டேப்பும் பேனாவுமாக ஆபீசர் மாதிரி நடப்பாய். இங்கே நான் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் உட்கார்ந்து பேசினேன். ஜனங்கள் என்னோடு ஒட்டிக்கொண்டார்கள். சீட்டு எடுப்பதையே ஒரு விசேஷம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். கண்ணை மூடி, குலசாமியைக் கும்பிட்டு, அப்புறம்தான் டப்பாவுக்குள் கை விடுவார்கள். உண்ணாமலை என்று ஒரு அம்மா, ஜெயங்கொண்டம் பக்கம். கை முழங்கை வரைக்கும் வீங்கிச் சிவந்து கிடந்தது. மகன் இளையபெருமாள் சீட்டு எடுத்தார். கிழங்கு வந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"கெழங்கெல்லாம் வேணாம்ங்க. கை இப்புடிக் கெடக்கு பாருங்க. இன்னொரு தரம் எடுக்கறேன். எங்க கோயில்ல பூ கேட்டாக்கூட மூணு தரம் கேப்போம்" என்றார்.

நீ அரும்பாவூர்க்காரி, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டி வைத்துச் சாமியிடம் கேட்கிறவர்கள், மனசுக்குப் பிடிக்காதது வந்தால் மறுபடியும் கேட்பார்கள். சரி என்று டப்பாவை நீட்டினேன். இரண்டாவது தடவை கிளிசரின் வந்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மாதிரி இன்னும் சிலர். நோயாளியின் விருப்பத்தையும் மதிக்க வேண்டும் என்று பாடத்தில் படித்தோமே, ஆதாரத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று. அதை நான் செய்தேன். நீ செய்திருக்க மாட்டாய்.

கோபம் தீர்ந்தால் சொல், பிளாக்கை எடுத்துவிடுகிறேன்.

உன் தேவா


பெரம்பலூர்
9 ஆகஸ்ட் 2024

தேவயானி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போதே எழுந்து நின்றுவிட்டேன். சந்தோஷத்தில்.

நீயே உன் வாயால் சொல்லிவிட்டாய். கை மோசமாக வீங்கியிருந்தால் குடும்பம் பயப்படும். பயந்தவர்கள் கிழங்கு வேண்டாம் என்று மறுபடியும் சீட்டு எடுப்பார்கள். லேசாக வீங்கியவர்கள் கிழங்கு வந்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். ஆக, உன் வார்டில் கெட்ட கையெல்லாம் கிளிசரின் பக்கம், நல்ல கையெல்லாம் கிழங்குப் பக்கம். நல்ல கை சீக்கிரம் வடியாமல் என்ன செய்யும்? நீ ஒன்றுமே வைக்காமல் விட்டிருந்தாலும் வடிந்திருக்கும். இதைத்தான் திருச்சி மேடையில் நின்று, கிழங்கு ஜெயித்தது என்று சொல்லப் போகிறாயா?

நோயாளியின் விருப்பம் என்று எனக்குப் பாடம் எடுக்காதே. விருப்பம் இல்லையென்றால் அவரை ஆய்வில் சேர்க்காமல், அவருக்கு வேண்டிய வைத்தியத்தைச் செய்துவிட்டுப் போக வேண்டும். சீட்டைத் திரும்ப டப்பாவில் போடக்கூடாது. நான் எழுதிய திட்டத்தில் இது இருக்கிறது. நீ ஒரு தடவையாவது அதை முழுசாகப் படித்தாயா?

என் வார்டிலும் ஒருவர் கேட்டார். வைரக்கண்ணு என்று லாரி டிரைவர். "பாப்பா, மறுக்கா எடுக்கட்டுமா?" என்றார். முடியாதுங்க என்றேன். "ரொம்பக் கறாரான பாப்பா" என்று முனகிக்கொண்டே கையை நீட்டினார். என்னோடு யாரும் ஒட்டிக்கொள்ளவில்லை, உண்மைதான். அந்த வார்டில் எனக்கு ஒரு வாழைப்பழம்கூட யாரும் கொடுத்ததில்லை. உனக்குக் கொடுத்திருப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை பொறுக்கிறேன். அதற்குள் நீ மேடத்திடம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் சொல்வேன். நான் சொன்னால் எப்படிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

ஜெயசித்ரா


அரியலூர்
12 ஆகஸ்ட் 2024

ஜெயசித்ரா,

முதலில் உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். உனக்காக இல்லை. நீ சொன்னது சரியா என்று பார்ப்பதற்காக.

என் அளவுத் தாள்களை ஹாஸ்டல் கட்டிலில் பரப்பி, முதல் நாள் வீக்கம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தேன். நீ சொன்னது சரி. பெரிய வீக்கமெல்லாம் கிளிசரின் பக்கம்தான் கிடக்கிறது. இத்தனை நாளும் அதே தாளை வைத்துக்கொண்டுதான் கூட்டிக் கழித்தேன். ஒருநாளும் என் கண்ணில் படவில்லை. கிழங்கு ஜெயித்தது என்றதும் எனக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறி பெரம்பலூர் வந்தேன். நீ ஊருக்குப் போயிருந்தாய், நல்லதாகப் போயிற்று. மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார். "நேத்துதான் மேடம்" என்றேன். "நீயா கண்டுபிடிச்சே?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியே இல்லை. "இல்லைங்க மேடம், ஜெயசித்ரா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன்.

உன் வார்டில் அளந்தது யார்? நீ. எந்தக் கைக்குக் கிழங்கு, எந்தக் கைக்குக் கிளிசரின் என்று தெரிந்தது யாருக்கு? உனக்கு. கிழங்கு யாருடைய பந்தயம்? என்னுடையது. நான் பந்தயம் கட்டியபோது உன் முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்த்தேன், ஜெயா. வீங்கிய கையைச் சுற்றி இஞ்ச் டேப்பை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு தளர்த்துவது என்பது அளக்கிறவள் கையில்தான் இருக்கிறது. கிழங்கு ஜெயிக்கக்கூடாது என்று நினைக்கிற கை அது.

நீ பொய் எழுதினாய் என்று நான் சொல்லவில்லை. எதுவும் தெரியாத ஒருவரை விட்டு அளக்கச் சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

தேவயானி


பெரம்பலூர்
14 ஆகஸ்ட் 2024

தேவயானிக்கு,

நீ இதை என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும். மேடம் நேற்று என்னைக் கூப்பிட்டு, திருச்சிக்கு நீ போ என்றார். என் ஆய்வில் சீட்டு ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கிறதாம், முடிவு பளிச்சென்று இல்லாவிட்டாலும் நம்பலாமாம். "கண்ணு நல்லாருக்கு உனக்கு" என்றார். நாலு வருஷமாக அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்த வார்த்தை.

சாயங்காலத்துக்குள் அறிவிப்புப் பலகையில் படத்தை மாற்றிவிட்டார்கள். அதே நர்சஸ் தினப் படம்தான். ஆபீசில் மிச்சப் பாதியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. இப்போது நான் யாருமில்லாத பக்கம் கையை நீட்டிக்கொண்டு சிரிக்கிறேன். கைக்கு விரல்கள் இல்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன். அரும்பாவூர் முழுக்கச் சொல்லியிருப்பார். எல்லோரும் வாழ்த்துகிறார்கள். எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் டேப்பைத் திருகுகிறவள் இல்லை. நோயாளிகளிடம் பல்லைக் காட்டாமல், கதை பேசாமல், கோடு பார்த்து அளந்தவள். உன் மனசு புண்பட்டதால் என் மேல் சேற்றை வாரி இறைக்கிறாய். இருந்தாலும் உன் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே செய்கிறேன். நம் வகுப்பு அசோக்கைக் கூப்பிட்டிருக்கிறேன். அவனுக்குக் கிழங்கும் தெரியாது, கிளிசரினும் தெரியாது, வகுப்புக் குழுவையே திறக்காதவன். அடுத்து வருகிற நோயாளிகளுக்கும் அதே மாதிரி சீட்டு எடுப்பேன். அளக்கும் நேரத்தில் கட்டைப் பிரித்து, கையைக் கழுவி, கிளிசரின் பிசுபிசுப்பும் கிழங்கு வாடையும் போகத் துடைத்துவிடுவேன். நானும் அளப்பேன், அவனும் அளப்பான். நான் எழுதுவதை அவன் பார்க்க மாட்டான், அவன் எழுதுவதை நான் பார்க்க மாட்டேன். வந்ததும் அனுப்பி வைக்கிறேன். ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்.

ஜெயசித்ரா


அரியலூர்
20 ஆகஸ்ட் 2024

ஜெயசித்ராவுக்கு,

வாழ்த்துகள்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் திறந்தேன். இப்போது புரிகிறது, நீ ஏன் கிழங்குப் படம் போட்டாய் என்று. என்னிடம் அதைவிட மோசமான படங்கள் தோன்றுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஆலத்தியூர் போயிருந்தேன். அப்பா எனக்குப் புடவை எடுத்து வைத்திருந்தார், மாம்பழக் கலரில் சரிகை. மேடைக்கு. அவரே கடைக்குப் போய், கடைக்காரப் பெண்ணிடம் கேட்டு எடுத்தாராம். சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் டீக்கடைக்காரர் வந்து, "எப்பம்மா திருச்சி?" என்றார். மாநாடு தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அப்பா புடவையை மறுபடியும் பையில் போட்டு, "தள்ளித்தானே போயிருக்கு" என்று பீரோவில் வைத்தார். உன் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

நீ நேர்மையானவள் என்று மேடம் இங்கே வந்தபோது எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். உன் டேப்பைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. ஆதாரம் கையில் இல்லாமல் சொன்னால் அது பொறாமை என்றுதான் ஆகும். நான் பொறாமையில்தான் இருக்கிறேன். அதனால் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் கேள். உண்ணாமலை அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மகன் போகும்போது, "மூணாந்தரம் கேக்காமலே சாமி நல்லது பண்ணிருச்சு" என்றார்.

அசோக் அளந்தானா? ஏன் கடிதம் வரவில்லை?

தேவயானி


பெரம்பலூர்
29 ஆகஸ்ட் 2024

தேவா,

அசோக் அளந்து முடித்து நாலு நாளாகிவிட்டது. தர்மராஜ் அண்ணன் தினமும் வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அசோக் அளவையும் என் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கிளிசரின் கைகளில் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. கிழங்குக் கைகளில் அவன் எழுதியதைவிட நான் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருக்கிறேன். கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு கையிலும், ஒரே பக்கமாகவே. தவறுதலாக வருவது என்றால் ஒரு சமயம் கூடுதலாக, ஒரு சமயம் குறைவாக வந்திருக்க வேண்டாமா? சோதிக்கிறார்கள் என்று தெரிந்தும், இந்தத் தடவை இன்னும் கவனமாக அளந்தும், என் கை அப்படித்தான் செய்திருக்கிறது. அசோக் அளவுப்படி பார்த்தால் கிழங்கும் கிளிசரினும் ஏறக்குறைய ஒன்றுதான், இந்தக் கொஞ்சப் பேரில். யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. இன்னும் நிறையப் பேரைப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும்.

வைரக்கண்ணுவின் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அவருக்கு வந்தது கிழங்கு. மூன்றாம் நாள் அவர், "நல்லா வடிஞ்சிருச்சு பாப்பா, மோதிரமே போட முடியுது" என்று விரலைக் காட்டினார். நான் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் வீக்கம் இருக்குதுங்க" என்றேன். அவர் சொன்னதை நான் எழுதவில்லை, என் டேப் சொன்னதை மட்டும் எழுதினேன். அவர் மோதிரத்துக்கு நீ யார் என்று தெரியாது, தேவா. என் டேப்புக்குத் தெரிந்திருக்கிறது.

நாலு நாளாக என்ன செய்தேன் என்று கேள். திருச்சி மேடையில் திரையில் போடுவதற்கான ஸ்லைடுகளைத் தயாரித்தேன். என் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்துப் பார்த்தேன். அசோக்குக்கு எது எந்தக் கை என்று தெரியாது. மேடம் அசோக் அளந்ததையே அறிய மாட்டார். உன்னிடம், "அளந்தான், ஒத்துப்போகிறது" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. எழுதவும் செய்தேன். உறையில் போட்டு ஒட்டிவிட்டு, வேன் பக்கம் போனேன். அண்ணன் கை நீட்டினார். கொடுக்க முடியவில்லை. நீ படிக்கும்போது உடனே நம்பிவிடுவாய் என்று தோன்றியது. நீ கிழங்கையே நம்பினவள்.

இப்போது மேடம் அறை வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே யாரோ இருக்கிறார்கள். வெளியே வந்ததும் போவேன். திருச்சி போய்விடும், எனக்குத் தெரியும். அது மறுபடியும் உன்னிடம் வந்துவிடுமோ என்பதுதான் இப்போதும் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது. கேவலம்தான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

கதவு திறக்கிறது.

ஜெயா


அரியலூர்
2 செப்டம்பர் 2024

ஜெயா,

உன் கடிதத்துக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. வகுப்புக் குழுவில் படம் போட்டிருந்தார்கள். நம் கல்லூரி சார்பில் திருச்சி மாநாட்டுக்குச் செல்பவர் அசோக்.

நான் போனைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அசோக். தலைப்பு, அளப்பவருக்கு எது எதுவென்று தெரியாமல் இருப்பதன் அவசியம். அவனுக்கு எதுவுமே தெரியாது என்பதுதான் அவன் தகுதி. அதை வைத்து மேடை ஏறுகிறான். எனக்கு போன் செய்து, "தேவயானி, இந்த வீக்கம் எதனால வருது? யாராச்சும் கேட்டா என்ன சொல்ல?" என்று கேட்கிறான். டை கட்டத் தெரியாதாம், அதையும் கேட்கிறான். அவன் படத்தை முழுசாகப் போட்டிருக்கிறார்கள், யாரையும் வெட்டவில்லை. எனக்கு ஆறவே இல்லை. உனக்கும் ஆறியிருக்காது என்று நினைத்தபோதுதான் கொஞ்சம் ஆறியது.

மேடம் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். உன்னையும், "யார் கண்டுபிடிச்சா?" என்று கேட்டாராம். நீ சுவரைப் பார்த்துக்கொண்டே, "தேவயானி" என்றாயாம். "பல்லைக் கடிச்சிக்கிட்டு சொன்னா" என்றார் மேடம். அந்த முகத்தை நான் பார்க்காமல் போய்விட்டேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "தப்பைக் கண்டுபிடிச்சது உன் கூட்டாளிப் பொண்ணா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். "அந்தப் புள்ளையோட சண்டை போட்டுக்காத" என்றார். ஏற்கெனவே போட்டாயிற்று என்று சொல்லவில்லை. புடவை பீரோவிலேயே இருக்கிறது.

திரும்பவும் செய்யச் சொல்கிறார் மேடம், முதலிலிருந்து. எனக்கு ஒரு யோசனை. சீட்டை நீ எழுதி, ஒவ்வொன்றையும் உறையில் ஒட்டி, வரிசை உனக்கே தெரியாதபடி கலைத்து, தர்மராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. வரிசைப்படி பிரிப்பேன். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இரண்டாவது உறை கிடையாது. வேண்டாம் என்பவர்களை வணக்கம் சொல்லி விட்டுவிடுவேன். அளப்பதற்கு நீ அரியலூர் வா. உன் வார்டுக்கு நான் வருகிறேன். எந்தக் கைக்குக் கிழங்கு என்று உன்னிடம் மூச்சு விட மாட்டேன். நீயும் என்னிடம் சொல்லக்கூடாது. கழுவிய கை மட்டும்தான் நமக்குக் காட்டப்படும்.

யோசித்துப் பார்த்தேன். என் தாளை மேடம் படித்தார், பாராட்டினார். வகுப்பு படித்தது, கைதட்டியது. நீ ஒருத்திதான் என்னை விழவைக்க வேண்டும் என்று வரி வரியாகப் படித்தாய். இனி எதை எழுதினாலும் உனக்குத்தான் முதலில் அனுப்புவேன். அதே எண்ணத்தோடு படி.

பிளாக்கை எடுத்துவிட்டேன். குழுவைத் திற. அசோக்கை எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். நான் இப்போதுதான் ஒரு உருளைக்கிழங்கு போட்டேன். பக்கத்தில் உன்னுடையதுக்கு இடம் இருக்கிறது.

தேவா